படையலுக்கு வைத்த படம்

டெக்கை வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த தலைமுறைக்காரர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லிக்கொள்ள முடியும். இன்றைய பிள்ளைகளிடம் கேசட்டில் கோடு விழுந்தது என்றால், யாரோ பென்சிலால் கிறுக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். திரையின் கீழ்ப்பாதி கிழிந்த துணியாக ஆட, ஆட்கள் பச்சை முகத்தோடு வந்து போக, யார் கதாநாயகன் யார் வில்லன் என்று குரலை வைத்துக் கண்டுபிடித்தவர்கள் நாம். அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை. அந்தக் காலம்போல வருமா என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். அந்தக் கோடுகளால் ஒருத்தியின் குடித்தனமே போயிற்று. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அது ஒரு கோணங்கித்தனமான சிரிப்புப் படம். பெயர் சொன்னாலும் உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் “அதுவா, ஓடாத படமாச்சே” என்பீர்கள். கதை இவ்வளவுதான். ஒரு குமாஸ்தாவை மேலக்கீழூர் என்ற ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்படி ஓர் ஊரே கிடையாது. மேலதிகாரி ஏதோ எரிச்சலில் வாய்க்கு வந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்து விழுந்தபின் ஊர் இல்லை என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. அந்த ஆள் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கூஜாவுமாகப் புறப்பட்டு, படம் முழுக்க அந்த ஊரைத் தேடுகிறான். சண்டை இல்லை, டூயட் இல்லை, வில்லன்கூட இல்லை. நாமெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிற இடத்தில்கூட அவன் சிரிக்கமாட்டான். முகத்தைத் தபால்பெட்டிபோல வைத்துக்கொண்டு வழி கேட்டுக்கொண்டே போவான்.

எங்கள் வீடு உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையில் இருந்தது. கூட்டுக் குடும்பம். நைனாவுக்கு பஜாரில் உரக்கடை. நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, பெருநகர் பக்கம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நைனாவின் தம்பி, சித்தப்பா, எந்த வேலையிலும் ஒட்டாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் மூத்தவள் அத்தை, பெருநகரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வந்து இறங்கினால் நைனா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார்.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. அதனால் நான் பாதி நேரம் அவர்கள் அறையிலேதான் கிடப்பேன். பெரியம்மா மானாம்பதிக்காரி. ஒல்லியாக, கருப்பாக, மேல்பல் கொஞ்சம் தூக்கலாக இருப்பாள். சிரித்தால் பல் தெரிகிறதென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். ஆனால் தோள் குலுங்குவதை எதைப் போட்டு மூடுவது?

பங்குனி வெயிலில் அந்தப் படம் எங்கள் ஊர்க் கீற்றுக் கொட்டகைக்கு வந்தது. பெரியப்பா டூட்டியை மாற்றிக்கொண்டு முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தார். கொட்டகையில் ஆட்களைவிட நாய்கள் அதிகம் என்றார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கி உன்னிய இட்டுக்கினு போறேன். ரெடியா இரு” என்று பெரியம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் பெரியம்மா மத்தியானமே சமையலை முடித்து, தலை சீவி, பூ வைத்து, ஆரஞ்சு நிற வாயில் புடவையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பொழுது சாயப் பெரியப்பா சைக்கிளில் வந்து இறங்கி, “தூக்கிட்டானுங்கடி” என்றார். அந்த இடத்தில் வேறு ஒரு கத்திச்சண்டைப் படத்தின் போஸ்டரை ஒட்டிவிட்டார்களாம். பெரியம்மா உள்ளே போய்ப் புடவையை அவிழ்த்து மடித்து வைத்தாள். இரவு சாப்பாடு போடும்போதும் முகம் தொங்கியே இருந்தது.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் பெரியப்பா அன்றைக்குப் படத்தை நடித்துக் காட்டினார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, தலைமேல் ஒரு முறத்தை வைத்துக்கொண்டு, அதுதான் டிரங்குப் பெட்டியென்று சொல்லிவிட்டு, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். பெரியம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. முந்தானை வாய்க்குப் போயிற்று. அப்புறம் தோள்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பஸ்ஸை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வருவார். சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மா, “அந்த பஸ்ஸு சீனு பண்ணு” என்பாள். பெரியப்பாவும் காக்கிச் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, விசிலைக் கவ்விக்கொண்டு ஆரம்பிப்பார்.

அந்த பஸ் சீன் இப்படி. குமாஸ்தா பஸ்ஸில் ஏறி, “மேலக்கீழூர் ஒண்ணு” என்பான். கண்டக்டருக்கு அந்த ஊர் எதுவென்று தெரியாது. தெரியாதென்று சொன்னால் கண்டக்டருக்கு மானம் போய்விடுமே? “மேலக்கீழூரா? இன்னாய்யா இப்டி கேட்டுட்ட? நம்ம ஊராச்சே. ஒக்காரு, வந்தா சொல்றேன்” என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவான். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கிழவி, “அங்க எங்க மச்சாண்டாரு வூடு கீது” என்பாள். பின்சீட்டுக்காரன், “ஊரு நல்ல ஊருதான், தண்ணிதான் உப்பு” என்பான். இன்னொருவன், “போன வாரம் அங்க ஒரு கல்யாணத்துக்குப் போனேன், சோறே வேவல” என்பான். கடைசியில் குளம் கோயிலுக்குக் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று இரண்டு பேர் கட்டிப் புரள்வார்கள். கண்டக்டர் ஒரு பொட்டல்காட்டில் விசிலடித்து, “மேலக்கீழூர் எறங்கு” என்று அவனை இறக்கிவிடுவான். பஸ் கிளம்பியதும் கிழவி கூடையை அணைத்துக்கொண்டு, “பாவம், அது எந்த ஊரோ தெரியலியே” என்பாள்.

கிழவியைப் பெரியப்பா செய்யும்போது பெரியம்மா தரையில் சாய்ந்துவிடுவாள். நானும் சாய்வேன். எத்தனை தடவை பார்த்தோம் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் ஆள் கூடிக்கொண்டே போனதாக இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை.

என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பட்டப்பகலில் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்துக்கொள்வது எங்கள் வீட்டில் நடவாத காரியம். நைனா அம்மாவிடம் பேசியதெல்லாம் உப்பு, புளி, உரமூட்டை பற்றித்தான். அம்மா அடுப்படியிலிருந்து, “வேற வேல இன்னா கீது அவங்களுக்கு, புள்ளயா குட்டியா?” என்று சட்டியிடம் சொல்வாள். அது பொறாமை என்று இப்போது தெரிகிறது. அப்போது அதை எல்லாரும் ஒழுக்கம் என்றுதான் நினைத்தோம், அம்மா உட்பட.

சித்திரை பிறந்தபோது பெரியப்பாவின் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். உப்பில்லாத சோறு போட்டார்கள். பெரியவர்கள் வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள். நம்பிக்கையிலேயே நாள் போயிற்று. காஞ்சிபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது. சித்திரை முடிவதற்குள் பெரியப்பா இல்லை.

சாவு வீட்டில் பெரியம்மா அழவில்லை. அழவில்லை என்றால், சத்தம் போட்டு அழவில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் செத்தால் பெண்டாட்டி மார்பில் அடித்துக்கொள்ள வேண்டும். வருகிறவளையெல்லாம் கட்டிக்கொண்டு ராகம் போட்டு அழ வேண்டும். பெரியம்மா பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் சட்டைக் காலரை நிமிர்த்துவதும் மடக்குவதுமாக இருந்தாள். அத்தைதான் எல்லாருக்குமாகச் சேர்த்து அழுதாள். நடுவே மூக்கைச் சிந்திக்கொண்டு, “கல்லு மாதிரி ஒக்காந்துகீறா பாரு” என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அதுதான் அவள்மேல் விழுந்த முதல் கரும்புள்ளி.

எங்கள் பக்கத்தில் கருமாதிக்கு முந்தின இரவு கூத்து வைப்பார்கள். டெக் வந்தபிறகு கூத்துக்காரர்களைக் கூப்பிடுவது குறைந்து, டிவியும் டெக்கும் வாடகைக்கு வர ஆரம்பித்தன. பெரியப்பா கருமாதிக்கும் சித்தப்பா அப்படித்தான் ஏற்பாடு செய்தார். முந்தின இரவு ஒரு சாமிப் படமும் ஒரு அழுகைப் படமும் ஓடின. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

விடியற்காலையில் பெரியம்மாவை ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போய்த் தாலியை வாங்கினார்கள். எங்களையெல்லாம் பார்க்கக்கூடாதென்று வீட்டில் பூட்டிவைத்தார்கள். திரும்பி வந்தபோது பெரியம்மா கோடிப் புடவையில் வேறு யாரோபோல இருந்தாள். நெற்றி வெறுமையாக, பெரிதாகத் தெரிந்தது. அவளைக் கூடத்து மூலையில் உட்கார வைத்தார்கள். நான் போய் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டேன். யாரோ என்னை இழுத்தார்கள், பெரியம்மா விடவில்லை.

மத்தியானம் படையல் போட்டார்கள். பெரியப்பா படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். கருவாட்டுக் குழம்பு, மசால் வடை, பட்டாணிச் சுண்டல், ஒரு பன்னீர் சோடா, ஒரு கட்டு பீடி. செத்தவருக்கு எது இஷ்டமோ அதை வைக்காவிட்டால் ஆத்மா சுற்றிக்கொண்டே இருக்கும் என்பார்கள். சித்தப்பாவுக்கு அந்த யோசனை எப்போது வந்ததோ தெரியாது. இடுப்பிலிருந்து ஒரு கேசட்டை உருவினார்.

“அண்ணனுக்கு இந்தப் படத்தவுட இன்னா புடிக்கும்? இத்தயும் வெச்சிருவோம்” என்றார்.

காஞ்சிபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி அந்தக் கேசட்டைப் பிடித்திருக்கிறார். ஒரு கடையில் அழித்து வேறு படம் ஏற்றுவதற்காக ஓரமாகப் போட்டிருந்தார்களாம். நைனா தயங்கினார். சாமியாடும் தாத்தா ஒருவர், “பீடி வெக்கறோம், சோடா வெக்கறோம். சினிமா வெச்சா இன்னா?” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். டெக் சாயந்திரம்வரை நம்முடையதுதானே என்று எல்லாருக்கும் ஒரு நியாயமும் கிடைத்தது.

சித்தப்பா டிவியைத் தூக்கி, பெரியப்பாவின் படம் இருந்த பெஞ்சைப் பார்க்கத் திருப்பி வைத்தார். செத்தவருக்குத் தெரிய வேண்டுமல்லவா! மற்றவர்களெல்லாம் பக்கவாட்டில் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்கும்படி ஆயிற்று. மூலையில் இருந்த பெரியம்மாவுக்கும் எனக்கும் மட்டும் திரை நேராகத் தெரிந்தது. ஜன்னல்களில் ஜமக்காளம் தொங்கவிட்டார்கள். சாம்பிராணிப் புகையும் கருவாட்டு வாசனையும் சூடேறிய டிவியின் ரப்பர் வாசனையும் கலந்து மூச்சு முட்டியது.

டெக்காரர் கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தே முகம் சுளித்தார். “ஈரம் பட்டுகீது சார். ஹெட்டு பூடும்.” சித்தப்பா கெஞ்சினார். டெக்காரர் ஒரு புது ரூபாய் நோட்டை எடுத்து, டெக்கின் வாய்க்குள் விட்டுத் துடைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டார்.

அது தியேட்டரில் ஓடும்போது யாரோ கேமராவை வைத்து எடுத்த காப்பி. அந்தக் காப்பிக்கு ஒரு காப்பி, அதற்கும் ஒரு காப்பி. படத்தில் முதலில் தெரிந்தது ஒரு ஆளின் பின்மண்டை. அவர் எழுந்து போன பிறகுதான் குமாஸ்தா தெரிந்தான். அவனுக்கும் முகம் என்று ஒன்று இல்லை. பச்சையாக ஒரு கறை, அதன்மேல் மீசை இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு கறை. அடியில் சிங்கப்பூர்க் கடை விளம்பரம் ஒன்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. வந்தவர்கள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “இன்னாய்யா பேஜாரு இது” என்று ஒவ்வொருவராகச் சாய்ந்து தூங்கினார்கள். விடிய விடிய விழித்தவர்கள் பாவம்.

பெரியம்மா மட்டும் தலையை நிமிர்த்தினாள். அவள் ஆசைப்பட்டுப் பூ வைத்துக்கொண்டு காத்திருந்த படம், தாலி போன அன்றைக்கு வீட்டுக்கே வந்திருந்தது. என் காதருகே, “இப்ப கூஜா உருளும் பாரு” என்றாள். திரையில் ஏதோ ஒன்று உருண்டது. “இப்ப ஆட்டுக்காரனாண்ட வழி கேப்பான்.” வெள்ளையாகச் சில கறைகள் வந்தன, ஆடுகளாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னாள். அவள் குரலில் பல நாட்களாக இல்லாத ஒரு சூடு இருந்தது.

பஸ் வந்தது. குமாஸ்தா ஏறினான். “மேலக்கீழூர் ஒண்ணு” என்பது ஈனமாகக் கேட்டது. அவ்வளவுதான். திரை முழுக்கக் கோடு விழுந்தது. சத்தமும் போய் வெறும் இரைச்சல். டெக்காரர் ஓடிவந்து டிராக்கிங் திருகைத் திருப்பினார், டெக்கின் தலையில் தட்டினார். கோடு போகவில்லை.

பெரியம்மா நிறுத்தவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டே, “இன்னாய்யா இப்டி கேட்டுட்ட? நம்ம ஊராச்சே. ஒக்காரு” என்று மெல்லச் சொன்னாள். மச்சாண்டார் வீடு வந்தது. உப்புத் தண்ணி வந்தது. வேகாத சோறு வந்தது. அவள் மடி குலுங்குவதை நான் உணர்ந்தேன். முந்தானை வாய்க்குப் போயிற்று. குளம் கிழக்கா மேற்கா என்று சண்டை வந்தபோது முந்தானையால் ஆகவில்லை. கிழவி கூடையை அணைத்ததும் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்ட, மேல்பல் தெரிய, தூங்கினவர்களெல்லாம் எழுந்து உட்காரும்படி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பின்கட்டில் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்த அத்தை ஓடிவந்தாள். அவள் கண்டது என்னவென்று நீங்களும் கண்முன் நிறுத்திப் பாருங்கள். டிவியில் வெறும் கோடு. எதிரே தம்பியின் மாலை போட்ட படம். மூலையில் அவன் பெண்டாட்டி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

“இன்னாடி இது! வெடிகால தாலிய அறுத்துட்டு மத்தியானம் இளிச்சிக்கினு ஒக்காந்துகீற? என் தம்பிக்கு எலயில வெச்ச சோறு இன்னும் காயலயேடி!”

பெரியம்மா திடுக்கிட்டு வாயை மூடினாள். “இல்ல அண்ணி... படத்துல...” என்றாள்.

“எந்தப் படத்துல? அங்க இன்னா ஓடுது?”

எல்லாரும் திரும்பித் திரையைப் பார்த்தார்கள். டெக்காரர் தன்மேல் பழி வந்துவிடுமோ என்று பயந்து, “ஆமாங்க, படமே வரலீங்க. கோடுதான் வருது” என்றார். மனிதர் உண்மையைத்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

அம்மா வந்து என் முதுகில் ஒன்று வைத்து, பெரியம்மா மடியிலிருந்து என்னைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சித்தப்பா, “அக்கா, நான்தானே போட்டேன்” என்று முன்னால் வந்தார். அத்தை அவர் கன்னத்தைத் தடவி, “நீ அண்ணன் மேல வெச்ச பாசத்துல போட்டடா” என்றாள். போட்டவனுக்குப் பாசம். பார்த்தவளுக்கு நெஞ்சழுத்தம். எங்கள் வீட்டு நியாயம் அப்படித்தான் இருந்தது.

சாயந்திரம் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அத்தை, புருஷன் போனதில் அவளுக்குச் சந்தோஷம் என்றாள். அன்றைக்கு அழாததும் இன்றைக்குச் சிரித்ததும் ஒன்றுக்கொன்று சாட்சியாயிற்று. சாமியாடும் தாத்தா, அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார். இந்த இரண்டில் எது என்பதில்தான் வாக்குவாதம். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மடியில் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிள்ளைகளை யார் கேட்கிறார்கள்?

கருமாதி முடிந்ததும் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப் போவதும், கொஞ்ச நாள் கழித்துப் புருஷன் வீட்டார் போய்த் திரும்ப அழைத்து வருவதும் வழக்கம். மறுநாள் மானாம்பதியிலிருந்து பெரியம்மாவின் அண்ணன் வந்தார். பெரியம்மா ஒரு பையோடுதான் புறப்பட்டாள். திரும்ப வரப்போகிறவள் பெட்டியை ஏன் எடுக்க வேண்டும்? நைனா அவள் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு, “போய்ட்டு வாங்க அண்ணி. ஆள் அனுப்பறோம்” என்றார்.

மிச்சமிருந்த கோடை விடுமுறை முழுக்க, பெரியம்மா எப்போது வருவாள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா, ஆனி வரட்டும் என்றாள். ஆனி வந்ததும் ஆடியில் கூடாது என்றாள். ஆவணியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பெரியப்பாவின் அறையில் யூரியா மூட்டைகள் அடுக்கியிருந்தன. அந்த வாடையை முகர்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் நான் கேட்கவில்லை. பெரியம்மாவின் பெட்டியை யாரோ பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள், பெரியப்பா விசிலடித்துப் போய்வந்த அதே பாதையில்.

அந்தக் கேசட் வீணாகவில்லை. சித்தப்பா கல்யாணத்தை அதன்மேலேயே பதிந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கும்பிட்டுக் கல்யாணம் முடிந்ததும், மிச்ச நாடாவில் குமாஸ்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான். உடனே யாராவது எழுந்து போய் நிறுத்திவிடுவார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பெரியம்மாவைக் கூப்பிடவில்லை. சாவுகளுக்கு மட்டும் சொல்லி அனுப்புவார்கள். அவளும் தவறாமல் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

நைனா போன பிறகு அம்மா என்னோடு இருந்தாள். டிவியில் சிரிப்புக் காட்சி ஏதாவது ஓடும். அம்மா சிரிப்பாள், சட்டென்று நிறுத்திக்கொண்டு வாசல்பக்கம் பார்ப்பாள். ஒருநாள் தானாகவே பெரியம்மா பேச்சை எடுத்து, “அக்காவ நாம போயி இட்டாந்திருக்கணும்” என்றாள். எனக்குக் கோபம் இருந்தது. அம்மாவின் முகம் கோபப்படக்கூடிய முகமாக இல்லாததால் இன்னும் கோபமாக இருந்தது.

சமீபத்தில் என் மகன் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்துப் போனில் ஏற்றிக் கொடுத்தான். யாரோ புண்ணியவான்கள் பழைய பிலிமைக் கழுவி, கீறலெல்லாம் எடுத்து, புதிதாகப் பதிந்திருக்கிறார்கள். துவைத்து நீலம் போட்ட வேட்டிபோல இருந்தது படம். குமாஸ்தாவுக்கு முகம் இருந்தது! நல்ல முகம். தாடையில் சவரம் செய்தபோது வெட்டிக்கொண்ட காயம்கூடத் தெரிந்தது. டிரங்குப் பெட்டியின் நசுங்கலும், கூஜாவின் கழுத்தில் கட்டிய கயிறும், ஆட்டுக்காரனின் கிழிந்த பனியனும் தெரிந்தன. பேச்சு பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. நல்ல படம்தான். ஓடாமல் போனது ஊரின் குற்றம். நான் தனியாகவே சிரித்துக்கொண்டு பார்த்தேன்.

பஸ் வந்தது. குமாஸ்தா ஏறி, “மேலக்கீழூர் ஒண்ணு” என்றான். கண்டக்டர், “அப்படி ஒரு ஊரே இல்ல, இறங்கு” என்றான். விசில். பஸ் போய்விட்டது. குமாஸ்தா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு காய்ந்த ஏரியைக் கடந்து நடந்தான். பேச்சில்லாமல் வெகுநேரம் நடந்தான்.

பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். கூடைக் கிழவி இல்லை. மச்சாண்டார் வீடு இல்லை. எதுவும் இல்லை. பெரியப்பாவுக்கு அந்த இடம் பொறுக்கவில்லை போலிருக்கிறது. எந்தக் கண்டக்டர் ஊர் தெரியாது என்று ஒப்புக்கொள்வான்! பெண்டாட்டியின் தொங்கிய முகத்தை நிமிர்த்த அவராகவே ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றியிருக்கிறார். அடுப்படியில் போய் நின்றுகொண்டு அழுதேன். அந்த வாரமே மானாம்பதிக்குப் புறப்பட்டேன்.

பெரியம்மா அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். அண்ணன் காலமாகிவிட்டார்; அவர் மருமகள் பார்த்துக்கொள்கிறாள், நல்ல பெண். “டிவி போட்டா எழுந்து வெளிய பூடுவாங்க. இத்தன வருசமா ஒரு படம் பாத்து நான் பாத்ததில்ல” என்றாள்.

நான் போனை எடுத்ததும் பெரியம்மா கையை ஆட்டினாள்.

“வேணாம்மா. ஒரு வாட்டி பாத்ததே போதும். அன்னிக்கி எனக்கு இன்னா புத்தி கெட்டுச்சோ. உங்க அத்த கேட்டதுல தப்பே இல்ல. தாலி அறுத்த அன்னிக்கி எவளாச்சும் சினிமாவுக்குச் சிரிப்பாளா? நான் சிரிச்சேனே.”

இத்தனை வருஷமும் அவளும் அதைத்தான் நம்பியிருந்தாள். அந்த பஸ் சீனை மட்டும் போட்டு, அவள் கண்ணுக்குக் கிட்டே பிடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டவள், பஸ் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

“இன்னா, எறக்கி உட்டுட்டான்?”

“அவ்ளோதான் பெரிம்மா.”

“கூடக்காரி? உப்புத் தண்ணின்னு ஒருத்தன் சொல்வானே? சோறு வேவலன்னு?”

“படத்துல அதெல்லாம் இல்ல. பெரிப்பா கட்டிவுட்டது. உனக்கோசரம்.”

போனைக் கையில் வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னாள். குமாஸ்தா ஏரியைக் கடந்து முடிக்கும்வரை பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. போனைத் திருப்பி என் கையில் கொடுத்தாள்.

“அப்ப அன்னிக்கி நான் சினிமாவுக்குச் சிரிக்கலயா?”

“இல்ல பெரிம்மா.”

“உங்க அத்த பூட்டா” என்றாள். “உங்க நைனா பூட்டாரு. உங்க சித்தப்பாவும் பூட்டான். உங்க அம்மாவும் பூட்டா.” ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே வந்து, மடக்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தராச்சும் இருந்திருக்கலாம்” என்றாள்.